ஸ்லீவ் தப்பு என்று முந்தின நாளே ஒருவர் பார்த்துவிட்டார், ஆனாலும் காங்கிரீட் போட்டுவிட்டோம். குழு வேலை எங்கே உடைகிறது?

#1 ரசமட்டம்

பத்து நாளாக மனதை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம். நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

நான் ஒரு பலமாடிக் கட்டிட வேலையில் மெயின் கான்ட்ராக்டர் பக்கம் சைட் இன்சார்ஜ். ஐந்தாம் மாடி காங்கிரீட் போட்டு, பீமின் பக்கப்பலகை பிரித்ததும் பிளம்பிங் ஆட்கள் வந்து நின்றார்கள். குழாய் போவதற்காகப் பீமில் விட்டிருந்த துளைகள், அதாவது ஸ்லீவ், பதினொன்றும் 300 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. டாய்லெட் குழாய்கள் இறங்கும் ஷாஃப்ட்டை நகர்த்தித் திருத்திய டிராயிங், ரிவிஷன் 4, வந்திருக்கிறது, காங்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் ஷட்டரிங் ஆட்கள் கையில் இருந்தது பழைய ரிவிஷன் 3. ரிவிஷன் 4 மெயில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு பேருக்குப் போயிருக்கிறது, ஏழு பேரும் திறந்து பார்த்திருக்கிறார்கள். பிரிண்ட் எடுத்துக் கீழே கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை மற்ற ஆறு பேரில் யாராவது செய்வார்கள் என்று ஏழு பேரும் இருந்துவிட்டார்கள். அந்த ஏழு பேரில் நானும் ஒருவன்.

இதோடு நின்றிருந்தால் டிராயிங் கன்ட்ரோல் சரியில்லை என்று சொல்லி முடித்திருப்பேன். தூக்கத்தைக் கெடுப்பது வேறு. காங்கிரீட்டுக்கு முந்தின நாள் மாலை நாலு மணிக்கே பிளம்பிங் ஃபோர்மேன் மேலே போய் ஸ்லீவைப் பார்த்திருக்கிறார், தப்பு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஷட்டரிங் சூப்பர்வைசரிடம் சொன்னாராம். அவர், "அது என் வேலை இல்லைங்க, எஞ்சினியர்கிட்ட சொல்லுங்க" என்றாராம். எஞ்சினியர் அப்போது என்னோடு மீட்டிங்கில் இருந்தார், ஏன் இரண்டு நாள் பின்தங்கியிருக்கிறோம் என்று நான் அவரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஃபோர்மேன் இருபது நிமிடம் படிக்கட்டில் நின்றுவிட்டுக் கீழே போய்விட்டார். காலை ஆறரைக்குப் பம்ப் வந்தது. பத்தரைக்கு ஸ்லாப் முடிந்துவிட்டது.

இதில் யாரையும் சோம்பேறி என்றோ வேலை தெரியாதவர் என்றோ சொல்ல முடியாது. ஒவ்வொருவரும் தன் வேலையைச் செய்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் இது நடந்தது. உங்கள் சைட்களில் இது எங்கே உடைகிறது, எதைச் செய்து சரி செய்தீர்கள் என்று கேட்கத்தான் இந்த இழை.

#2 குழாய்ப்பாதை

ரசமட்டம் சார், நான் எம்இபி பக்கம், ஏசி, மின்சாரம், பிளம்பிங் வேலைகள். நேராகவே சொல்கிறேன், அந்த ஃபோர்மேன் சொல்லாமல் இல்லை. சொன்னார். யாரும் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, அவர் ஏன் மீட்டிங் ரூம் கதவைத் தட்டவில்லை என்பது. எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் பதில் சுலபம். நான் ஃபோர்மேனாக இருந்த காலத்தில் ஒரு ஸ்லாபில் ஒயர் போகும் கண்டூயிட் குழாய் நசுங்கிக் கிடந்ததைப் பார்த்து காங்கிரீட்டை நாற்பது நிமிடம் நிறுத்தினேன். சரி செய்துவிட்டுத்தான் போடவிட்டேன், எல்லோரும் தோளைத் தட்டினார்கள். அந்த மாத பில்லில் பம்ப் நின்ற நேரம், ஆட்கள் சும்மா இருந்த நேரம் என்று எங்கள் கணக்கில் பிடித்தம் வந்தது. கேட்டால், "நிறுத்தியது உங்க ஆள்தானே" என்றார்கள். அதற்கு அடுத்த தடவை நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்?

கெட்ட செய்தியைக் கொண்டுவருகிறவன் தலையில் செலவை ஏற்றினால் செய்தி வருவது நின்றுவிடும். தப்பு மட்டும் நிற்காது, அது காங்கிரீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

#3 அளவுநாடா

நான் குவான்டிட்டி சர்வே, அதாவது அளவும் செலவும் கணக்கிடுவது, கான்ட்ராக்ட் வேலை. குழாய்ப்பாதை சொன்ன பிடித்தத்தில் தனிமனிதர்களின் கெட்ட எண்ணம் எதையும் நான் பார்க்கவில்லை. ஒப்பந்தம் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். ஷட்டரிங் சப்-கான்ட்ராக்டருக்கும் பிளம்பிங் சப்-கான்ட்ராக்டருக்கும் நடுவே ஒப்பந்தம் என்று ஒன்றுமே கிடையாது. இருவருக்கும் தனித்தனியாக மெயின் கான்ட்ராக்டரோடு. ஆர்க்கிடெக்ட்டுக்கும் ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட்டுக்கும் உரிமையாளரோடு. பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்கிற இரண்டு பேர் காகிதத்தில் ஒருவருக்கொருவர் அந்நியர்கள். ஷட்டரிங் சூப்பர்வைசர் "என் வேலை இல்லை" என்றது அவர் ஒப்பந்தப்படி நூற்றுக்கு நூறு உண்மை.

அப்புறம் கடிதப் போர். பல நாடுகளில் பயன்படும் ஃபிடிக் என்ற மாதிரி ஒப்பந்தத்தில் கூடுதல் நேரமோ பணமோ கேட்க வேண்டுமானால், விஷயம் தெரிந்த 28 நாளுக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், தவறினால் உரிமை போய்விடும். விதி நியாயமானதுதான், உரிமையாளருக்கும் சீக்கிரம் தெரிய வேண்டுமில்லையா. ஆனால் சைட்டில் என்ன ஆகிறது? கடிதம் வந்ததும், "நம்ம மேலேயே கேஸ் போடப் பார்க்கிறான்" என்று எதிர்ப்பக்கம் பதில் கடிதத்துக்கு உட்காருகிறது. அதோடு பேச்சு நின்றுவிடும். மூன்று மாதம் கழித்து இரண்டு பக்கமும் கோப்பு தடிமனாக இருக்கும், அதே பீம் அங்கேயேதான் நிற்கும்.

பிரிட்டனில் 1993-இல் முதலில் வெளியான என்இசி என்ற மாதிரி ஒப்பந்தத்தில் 'முன்னெச்சரிக்கை' என்று ஒரு பிரிவு வைத்தார்கள். நேரத்தையோ செலவையோ தரத்தையோ பாதிக்கக்கூடிய எதையும் யார் முதலில் பார்த்தாலும் உடனே சொல்லியாக வேண்டும். சொல்வதால் பழியை ஏற்றுக்கொண்டதாக ஆகாது. உட்கார்ந்து என்ன செய்யலாம் என்று பேச வேண்டும், அவ்வளவுதான். கான்ட்ராக்டர் பார்த்தும் சொல்லாமல் இருந்தால், பிறகு அந்த விஷயத்துக்குப் பணம் கேட்கும்போது, அன்றே சொல்லியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்குமோ அவ்வளவுதான் கிடைக்கும். சொன்னவனைத் தண்டிப்பதற்கும் சொல்லாதவனுக்கு நஷ்டம் வைப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்.

#4 மூலைமட்டம்

அளவுநாடா தம்பி, முப்பது வருஷம் சைட்டில் நின்றவன் சொல்கிறேன், காகிதத்தை மாற்றினால் மனிதர்கள் மாறிவிடுவார்கள் என்று நம்பாதீர்கள். முன்னெச்சரிக்கைப் பிரிவு உள்ள ஒப்பந்தத்திலும் வேலை செய்திருக்கிறேன். அதையும் கடிதப் போருக்கு இன்னொரு படிவமாக ஆக்கி, வாரத்துக்கு அறுபது எச்சரிக்கை அனுப்பினார்கள். எது உண்மையில் அவசரம் என்று யாருக்கும் தெரியவில்லை.

ரசமட்டம் எழுதியதைப் படித்ததும் எனக்குக் கியூபெக் பாலம்தான் நினைவுக்கு வந்தது. கனடாவில் 1907 ஆகஸ்ட் 29, கட்டிக்கொண்டிருக்கும்போதே விழுந்தது, 75 தொழிலாளர்கள் போனார்கள். அதன் ஆலோசகப் பொறியாளர் தியடோர் கூப்பர், அந்தக் காலத்தில் பாலம் கட்டுவதில் பெரிய பெயர், இருந்தது நியூயார்க்கில். வயதும் உடல்நிலையும் காரணமாகச் சைட்டுக்கு வருவதில்லை, முடிவு மட்டும் அவருடையது. சைட்டில் அவர் சார்பாக நின்றவர் மெக்லூர் என்ற இளம் பொறியாளர். கீழ்ப்பக்க எஃகுப் பகுதி வளைய ஆரம்பித்ததை அவர் பார்த்தார், அளந்தார். ஒரு வாரத்துக்கு முன் முக்கால் அங்குலம் இருந்த வளைவு இரண்டு அங்குலத்துக்கு மேல் போயிருந்தது. இதைச் சொன்னால் எஃகுக் கம்பெனி ஆட்கள், வரும்போதே வளைந்துதான் வந்திருக்கும் என்றார்கள். வாக்குவாதம் நடந்துகொண்டிருக்க, வேலையும் நடந்தது. கடைசியில் மெக்லூர் ரயிலேறி நியூயார்க் போய் நேரில் சொன்னார். கூப்பருக்கு உடனே புரிந்தது, இனி பாரம் ஏற்றாதீர்கள் என்று தந்தி கொடுத்தார். தந்தி போனது பென்சில்வேனியாவில் இருந்த கம்பெனி அலுவலகத்துக்கு. சைட்டுக்குப் போகவில்லை. அன்று மாலையே, வேலை முடிகிற நேரத்தில், பாலம் ஆற்றில் கிடந்தது.

அடிப்படையில் கணக்குத் தப்பு இருந்தது உண்மை, பாலத்தின் சொந்த எடையையே குறைத்துப் போட்டிருந்தார்கள். ஆனால் 75 உயிர் போனதற்கு அது மட்டும் காரணமில்லை. பார்த்தவனுக்கு நிறுத்தும் அதிகாரம் இல்லை, நிறுத்தும் அதிகாரம் உள்ளவர் பார்க்கிற இடத்தில் இல்லை. உங்கள் ஃபோர்மேன் நின்ற அந்தப் படிக்கட்டும் அதே இடம்தான் ரசமட்டம். அதிர்ஷ்டம், உங்களுக்கு ஸ்லீவோடு போயிற்று.

#5 வரைபலகை

ஆர்க்கிடெக்ட் பக்கத்திலிருந்து யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன்.

ஷாஃப்ட் ஏன் அவ்வளவு தாமதமாக நகர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் வேலைகளில் இப்படி நகர்வதற்குக் காரணம் பெரும்பாலும் மேலே இருந்து வரும். உரிமையாளரின் விற்பனைப் பிரிவு அறை அளவை மாற்றச் சொல்லும், அதே உரிமையாளரின் திட்டப் பிரிவு தேதியை மாற்றாதே என்று சொல்லும், இரண்டு பிரிவும் ஒன்றோடொன்று பேசியிருக்காது. நடுவில் நாங்கள் இரவு பதினொரு மணிக்கு டிராயிங்கில் மாறிய இடத்தைச் சுற்றி மேகக்கோடு போட்டு அனுப்புகிறோம். சைட்டில் அதை யார் கையில் வாங்குகிறார்கள் என்று எனக்குப் பல வருஷம் தெரியாது. மெயில் அனுப்பியதோடு என் கடமை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

நான் மாறியது ஹயாத் ரீஜென்சி விபத்தை ஒழுங்காகப் படித்த பிறகு. கன்சாஸ் சிட்டி, 1981 ஜூலை 17, ஓட்டல் கூடத்தின் மேலே தொங்கிய நடைபாலங்கள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். முதல் வடிவமைப்பில் கூரையிலிருந்து ஒரே நீளக் கம்பி இறங்கி நான்காம் மாடிப் பாலத்தையும் இரண்டாம் மாடிப் பாலத்தையும் தாங்கும். அவ்வளவு நீளத்துக்கு மரை வெட்டுவது கஷ்டம் என்று எஃகு வேலை செய்தவர்கள் அதை இரண்டு கம்பியாக்கினார்கள், மேல் கம்பி நான்காம் மாடிப் பாலம் வரை, கீழ்ப் பாலம் அந்த மேல் பாலத்திலிருந்தே தொங்கும். கேட்கும்போது சின்ன மாற்றம்தான். ஆனால் நான்காம் மாடி பீமுக்கு அடியில் இருந்த நட், ஒரு பாலத்தின் பாரத்துக்குப் பதில் இரண்டு பாலத்தின் பாரத்தைத் தாங்க வேண்டியதாயிற்று. எஃகுக்காரர்கள் வரைந்த அந்த ஷாப் டிராயிங்கில் பொறியாளரின் முத்திரை இருந்தது. அந்த இணைப்புக்கு யாரும் கணக்குப் போட்டிருக்கவில்லை. எஃகுக்காரர்கள், பொறியாளர் பார்த்திருப்பார் என்று இருந்தார்கள். பொறியாளர் தரப்பு, இணைப்புகளை எஃகுக்காரர்கள் பார்ப்பார்கள் என்று இருந்தது.

ரசமட்டத்தின் ஏழு பேர் மெயிலும் அந்த முத்திரையும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன. நிறைய பேர் பார்க்கிறார்கள் என்பதாலேயே ஒவ்வொருவரும் கொஞ்சம் குறைவாகப் பார்க்கிறார்கள். இப்போது நான் மாற்றம் அனுப்பினால் ஒரே ஒருவர் பெயருக்கு அனுப்புகிறேன், மற்றவர்களுக்கு நகல் மட்டும். மறுநாள் போன் செய்து, "ரிவிஷன் 3-ஐ எடுத்துக் கிழித்துவிட்டீர்களா?" என்று கேட்கிறேன். வந்ததா என்று கேட்டால் எல்லோரும் வந்தது என்பார்கள். பழையது எங்கே என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும்.

#6 புதுஎஞ்சினியர்

நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது, இங்கே எழுதலாமா என்று தெரியவில்லை. மீட்டிங்கில் இருபது பேருக்கு மேல் இருப்பார்கள். போன மாதம் ஒரு லெவல் தப்பு என்று எனக்குத் தெரிந்தது. என் சீனியர் எல்லோர் முன்னாலும் "அது சரிபார்த்தாச்சு" என்று சொல்லிவிட்டார். நான் அங்கே எழுந்து இல்லை என்றால் அவரை அவமானப்படுத்தியது போல ஆகும், நான் நினைத்தது தப்பாக இருந்தால் எனக்கு அவமானம். வாயைத் திறக்கவில்லை. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. மறுநாள் அவரே கண்டுபிடித்துத் திருத்திவிட்டார், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்த தடவை என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை.

#7 மூலைமட்டம்

தம்பி, தாராளமாக எழுதுங்கள், இந்த இழைக்கு உங்கள் கேள்விதான் முக்கியம்.

இரண்டு விஷயம். முதலாவது, தப்பு என்று சொல்லாதீர்கள், எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். "சார், நான் அளந்தப்போ இங்கே 40 மில்லிமீட்டர் குறையுது, நான் எந்த பெஞ்ச் மார்க்கிலிருந்து எடுத்திருக்கணும்?" (பெஞ்ச் மார்க் என்றால் உயரம் அளக்கத் தொடங்கும் குறி.) இதில் யாருக்கும் அவமானம் இல்லை. அளவு பேசும், நீங்கள் பேச வேண்டியதில்லை. இரண்டாவது, மீட்டிங் வரை காத்திருக்காதீர்கள். மீட்டிங் என்பது முகம் காட்டும் இடம், அங்கே ஒருவர் சொன்னதைத் திரும்ப வாங்குவது கஷ்டம். அவர் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு தனியாக நடக்கும்போது கூடவே நடந்து கேளுங்கள்.

அதற்கும் மேலே, உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் இந்த மரியாதைக் கணக்கு எதுவும் கிடையாது. கத்துங்கள். ஆட்களை இறக்குங்கள். பிறகு வருவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்தச் சுமையை எட்டு மாத எஞ்சினியர் தலையில் வைப்பது நியாயமில்லை என்பதையும் சீனியர்களுக்குச் சொல்கிறேன். "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டுவிட்டு இரண்டு விநாடியில் அடுத்த விஷயத்துக்குப் போகிறோம். யார் பேசுவார்கள்? நான் இப்போதெல்லாம் சின்னவர்களிடமிருந்துதான் ஆரம்பிக்கிறேன், பெரியவர்கள் கடைசியில். நான் முதலில் பேசிவிட்டால் அப்புறம் எல்லோரும் நான் சொன்னதையே சொல்கிறார்கள்.

#8 கம்பிகட்டு

கம்பி வேலை சப்-கான்ட்ராக்ட் எடுக்கிறேன். நீங்கள் எல்லோரும் பேசுகிற மீட்டிங்கில் எங்களுக்கு நாற்காலி இல்லை. திட்டம் மேலே போடுகிறார்கள், சுவரில் பெரிய சார்ட் ஒட்டுகிறார்கள், அதில் வியாழக்கிழமை கம்பி முடியும் என்று இருக்கும். கம்பி இன்னும் யார்டில் வளைக்கப்படாமல் கிடக்கிறது, கிரேன் வேறு டவரில் இருக்கிறது. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சனிக்கிழமை என்று சொல்லியிருப்பேன், சனிக்கிழமை முடித்தும் கொடுத்திருப்பேன். கேட்காமல் எழுதிவிட்டு, வெள்ளிக்கிழமை "வாக்குத் தவறிட்டீங்க" என்கிறார்கள். நான் எப்போது வாக்குக் கொடுத்தேன்?

இன்னொன்று, ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். என் கேங்கில் இப்போது மூன்று மொழி பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பாதுகாப்புக் கூட்டம் ஒரே மொழியில் நடக்கும், எல்லோரும் தலையாட்டுவார்கள், கையெழுத்துப் போடுவார்கள். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் மேலே கோப்பு போகிறது. ஒரு ஆள் வந்து பழகி, யாரிடம் என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொள்வதற்குள் அந்த மாடி முடிந்து அடுத்த சைட்டுக்குப் போய்விடுகிறான். தொழிற்சாலையில் ஒரே ஆட்கள் பத்து வருஷம் பக்கத்தில் நிற்பார்கள். எங்களுக்கு ஒவ்வொரு சைட்டும் அறிமுகம் இல்லாதவர்களோடுதான் ஆரம்பம்.

#9 அளவுநாடா

கம்பிகட்டு அண்ணே, நீங்கள் சொன்ன வாக்கு விஷயத்தைத்தான் அமெரிக்காவில் கிளென் பல்லார்டும் கிரெக் ஹோவலும் 1990-களில் பிடித்துக்கொண்டார்கள். சைட்களில் வாராவாரம் எழுதுகிற வேலைகளில் எத்தனை எழுதியபடி முடிகிறது என்று எண்ணிப் பார்த்தால் ஏறத்தாழ பாதிதான். நன்றாக நடக்கிற சைட்களிலும் அப்படித்தான். அதிலிருந்து வந்ததுதான் 'லாஸ்ட் பிளானர்' முறை. மேலே இருப்பவர் 'முடிய வேண்டும்' என்று எழுதுவது ஒன்று, வேலையைச் செய்யப்போகிற ஃபோர்மேன் 'முடிக்கிறேன்' என்று சொல்வது இன்னொன்று. இரண்டாவதைத்தான் திட்டம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். முக்கியமான நிபந்தனை, ஃபோர்மேனுக்கு 'முடியாது' என்று சொல்லும் உரிமை இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் 'முடிக்கிறேன்' என்ற சொல்லுக்கு மதிப்பே கிடையாது.

#10 உரிமையாளர்தரப்பு

நான் உரிமையாளர் பக்கம் திட்ட மேலாளர். வரைபலகை மேடம் சொன்னதை மறுக்கப் போவதில்லை. பெரும்பாலான சைட்களில் குழு உடைவதற்கான விதையை நாங்கள்தான் போடுகிறோம். மிகக் குறைந்த தொகை கேட்டவருக்கு வேலையைக் கொடுக்கிறோம், எல்லா ரிஸ்க்கையும் அவர் மேல் ஏற்றுகிறோம். அவர் அதை அப்படியே சப்-கான்ட்ராக்டர் மேல் ஏற்றுகிறார். கடைசியில் ரிஸ்க் வந்து நிற்பது அதைத் தாங்க வழியே இல்லாத ஒருவர் தலையில். முதல் நாள் எல்லோரையும் கூட்டி வைத்து 'ஒரே குடும்பம்' என்று பேசவும் பேசுகிறோம்.

லண்டன் ஹீத்ரோவில் 1994-இல் ரயில் சுரங்கம் ஒன்று கட்டும்போது சரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. வழக்குக்குப் போயிருந்தால் வருடக்கணக்கில் இழுத்திருக்கும், விமான நிலையக்காரர்கள் கான்ட்ராக்டரோடு ஒரே குழுவாக உட்கார்ந்து சுரங்கத்தை மீட்டார்கள். அந்த அனுபவத்தை வைத்துத்தான் அதே விமான நிலையத்தின் ஐந்தாம் முனையத்துக்கு ஒப்பந்தம் எழுதினார்கள்: ரிஸ்க் உரிமையாளருடையது, கான்ட்ராக்டர்களுக்கு ஆன செலவும் லாபமும் உண்டு. யார் மேல் தள்ளலாம் என்று யோசிக்கும் நேரத்தில் எப்படித் தீர்க்கலாம் என்று யோசிக்க முடிந்தது. அவ்வளவு பெரிய கட்டுமானம் சொன்ன தேதியில் முடிந்து, 2008 மார்ச் 27 அன்று திறந்தார்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. திறந்த அன்றே பயணிகளின் பெட்டிகள் குவிந்தன, அடுத்தடுத்த நாட்களில் நூற்றுக்கணக்கான விமானங்கள் ரத்து. கட்டியவர்களுக்குள் இருந்த ஒற்றுமை, அதை இயக்க வந்தவர்களிடம் போய்ச் சேரவில்லை, அவர்களுக்குப் பயிற்சியும் சோதனை ஓட்டமும் போதவில்லை. குழு என்று யாரை எண்ணுகிறோம், யாரை விட்டுவிடுகிறோம் என்பதை நான் அதிலிருந்துதான் கற்றேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் அடிக்கடி செய்கிற தப்பு இது. பெர்லினில் புது விமான நிலையம் 2012 ஜூன் 3 அன்று திறப்பதாக இருந்தது, நான்கு வாரம் இருக்கும்போது தீப்பாதுகாப்பு அமைப்பு தயாரில்லை என்று தள்ளிவைத்தார்கள். அந்த மாதமே வடிவமைப்பாளர்களை நீக்கினார்கள். கோபம் புரிகிறது. ஆனால் அந்தக் கட்டிடத்தின் எந்தச் சுவருக்குள் எது போகிறது என்ற அறிவில் பெரும்பகுதி அவர்களோடு போய்விட்டது. திறந்தது 2020 அக்டோபர் 31. நீக்கம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஆளை மாற்றினால் பிரச்சினை தீரும் என்ற எண்ணம் வரும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

#11 தூக்குக்குண்டு

எல்லாம் சரி, கட்டிடத்தையே கணினியில் முப்பரிமாணத்தில் கட்டும் பிஐஎம் மாடல் வைத்து, எது எதில் இடிக்கிறது என்று மோதல் சோதனை போட்டிருந்தால் இது நடந்தே இருக்காதே? இன்னும் காகிதத்தில் வேலை செய்தால் இப்படித்தான்.

#12 குழாய்ப்பாதை

தூக்குக்குண்டு, எங்கள் வேலையிலும் மாடல் இருந்தது, மோதல் பூஜ்யம் என்று அறிக்கையும் இருந்தது. மாடல் புது ரிவிஷன், சைட்டில் தொங்கியது பழைய ரிவிஷன். மாடலுக்கு உள்ளே எல்லாம் சரியாகத்தான் இருக்கும். மாடலுக்கும் ஷட்டரிங் மேஸ்திரியின் கைக்கும் நடுவில் உள்ள நூறு மீட்டரை எந்த மென்பொருளும் நடந்து கடக்காது.

வாட்ஸ்அப் குரூப்பும் அப்படித்தான். எங்கள் குரூப்பில் ஒரு நாளைக்கு இருநூறு செய்தி, பாதி போட்டோ. முக்கியமான ஒன்று நடுவில் புதைந்திருக்கும், இரண்டு நீல டிக் விழுந்ததும் எல்லோருக்கும் தெரியும் என்று எடுத்துக்கொள்வோம்.

#13 அளவுநாடா

ஒரு எச்சரிக்கை மட்டும். 'யாரையும் குறை சொல்லாதே' என்ற பக்கம் இந்த இழை சாய்கிறது. குறை சொல்லாமல் இருப்பதும் பொறுப்பு யாருடையது என்று தெரியாமல் இருப்பதும் ஒன்றாகிவிடக் கூடாது. ஹயாத்தில் பொறுப்பான பொறியாளர்களின் உரிமத்தை மிசூரி மாநிலம் பறித்தது, பறித்திருக்கத்தான் வேண்டும். சொன்னவனைத் தண்டிக்கக் கூடாது. ஆனால் பார்க்காமலேயே முத்திரை குத்தியவர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

#14 வரைபலகை

முழுக்க ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் ஒரே ஒருவர் பெயருக்கு அனுப்புகிறேன் என்றேன். ஏழு பேருக்குப் பொறுப்பு என்றால் நடைமுறையில் அது யாருக்குமே இல்லை.

#15 ரசமட்டம்

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்தேன். குழாய்ப்பாதை கேட்ட கேள்வியை மட்டும் விட முடியவில்லை, அதனால் நேற்று அந்த ஃபோர்மேனைத் தேடிப் போனேன். ஆபீசுக்குக் கூப்பிடவில்லை, அவர் வேலை செய்கிற மூன்றாம் மாடிக்கே போனேன். ஏன் கதவைத் தட்டவில்லை என்று கேட்டேன்.

முதலில், "மீட்டிங் நடக்குதுன்னு விட்டுட்டேன் சார்" என்றார். நான் நகரவில்லை. கொஞ்ச நேரம் குழாயைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார், "ரெண்டாம் மாடியில ஒரு தடவை வந்து சொன்னேன் சார். உங்க வேலையை மட்டும் பாருங்கன்னு சொன்னீங்க."

எனக்கு நினைவே இல்லை. எந்த நாள், எதைப் பற்றி, ஒன்றும் நினைவில்லை. அன்று எனக்கு ஏதோ அவசரம் இருந்திருக்கும். அவருக்கு நாள், நேரம், நான் நின்ற இடம் எல்லாம் நினைவிருக்கிறது. இந்த இழையை ஆரம்பிக்கும்போது எங்கேயோ நடுவில் உடைந்திருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கலாம் என்று நினைத்துத்தான் எழுதினேன். உடைந்த இடம் நான். மன்னிப்புக் கேட்டேன், அவர் கூச்சப்பட்டு, "அதெல்லாம் எதுக்கு சார்" என்றார்.

பதினோரு ஸ்லீவ் என்ன ஆயிற்று என்று தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட் வந்து பார்த்தார், கம்பி எங்கே இருக்கிறது என்று ஸ்கேன் எடுத்தோம். ஏழு இடத்தில் புதிதாகத் துளை குடையும் கோர் கட்டிங்குக்கு அனுமதி கொடுத்தார், பழைய துளைகளை கிரவுட் என்ற கலவை போட்டு அடைக்கிறோம். நாலு இடத்தில் பீமைத் தொடவே கூடாது என்றுவிட்டார். அங்கே குழாய் பீமுக்கு அடியில் போகும், ஃபால்ஸ் சீலிங் இறங்கும், வரைபலகை மேடம் போல ஒருவர் எங்கள் பக்கமும் இருப்பதால் அதை வரைந்து கொடுத்துவிட்டார். செலவு யார் தலையில் என்ற பேச்சு இன்னும் நடக்கிறது. டிராயிங் எங்கள் கையில்தான் தேங்கியது, அதனால் எங்கள் பங்கை ஏற்றுக்கொள்கிறோம் என்று நானே முதலில் எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலிடத்தில் அதற்காகத் திட்டு வாங்கினேன், பரவாயில்லை.

மூன்று மாற்றம் செய்திருக்கிறோம். காங்கிரீட் போடுவதற்கு முன் எல்லோரும் கையெழுத்துப் போடும் 'போர் கார்டில்' (pour card) இதுவரை என் கையெழுத்து கடைசி, பிளம்பிங், எலெக்ட்ரிக்கல் ஃபோர்மேன்களுக்கு இடமே கிடையாது. இப்போது அவர்கள் இருவரும் போட்ட பிறகுதான் மற்றவர்கள் போட முடியும். காங்கிரீட்டுக்கு முந்தின நாள் மாலை நாலு மணிக்கு மீட்டிங் வைப்பதில்லை, எல்லோரும் மேலே ஸ்லாபிலேயே நடக்கிறோம். நிறுத்தச் சொல்லி நின்ற நேரத்துக்கு யார் கணக்கிலும் பிடித்தம் கிடையாது என்று எழுத்தில் கொடுத்திருக்கிறேன். குழாய்ப்பாதை சொல்லியிருக்காவிட்டால் அது எனக்குத் தோன்றியே இருக்காது.

#16 கம்பிகட்டு

அந்த நடையில் கம்பி ஆட்கள் உண்டா?

#17 ரசமட்டம்

விட்டுப்போயிற்று அண்ணே. நாளையிலிருந்து உண்டு. ஆறாம் மாடி வியாழக்கிழமை என்று சார்ட்டில் இருக்கிறது, அதையும் காலையில் முதலில் கம்பி மேஸ்திரியிடம் கேட்டுவிட்டுத்தான் பம்ப்புக்குச் சொல்வேன்.